புதுக்கணக்கும் பழைய இருப்பும்

(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டேன். வீட்டு வரவு செலவைக் கணினியிலோ கைப்பேசியிலோ எழுதி வைப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதி அரங்கம் கை தூக்கியது. கணக்கு மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றப் போய், பழைய கணக்கில் எதையாவது தொலைத்தவர்கள் மட்டும் கையை இறக்காதீர்கள் என்றேன். ஏழெட்டுக் கைகள் அப்படியே நின்றன. முன்வரிசையில் இருக்கும் அம்மா, "பதினோரு வருஷக் கணக்கு சார்" என்றார். அந்தப் பதினோரு வருஷத்துக்காகத்தான் இன்றைய பேச்சு.

நான் 34 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். கணினி படித்தவன் அல்லன். ஆனால் கணக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குடிபெயரும்போது எங்கெங்கே சிந்தும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எல்லாம் பேரேடுதான். தடித்த அட்டை போட்ட லெட்ஜர்கள். ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தாலே தோள் வலிக்கும். வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984இல் அறிக்கை தந்தது. அதன் வழியே கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. பிறகு கிளை முழுவதும் கணினி. அதன்பின் எல்லாக் கிளைகளையும் ஒரே மையத்தோடு இணைத்த கோர் பேங்கிங். என் பணிக்காலத்தில் ஒரே கணக்கு மூன்று முறை வீடு மாறியது.

கோர் பேங்கிங்குக்கு எங்கள் கிளை மாறிய சனிக்கிழமை இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. மாலை வேலை முடிந்ததும் மூன்று எண்களைத் தாளில் எழுதினோம். ஒவ்வொரு வகையிலும் எத்தனை கணக்குகள்? அவற்றின் மொத்த இருப்பு எவ்வளவு? ஜெனரல் லெட்ஜரில் அதே வகைக்கு உள்ள தொகை என்ன? அந்தத் தாளில் இரண்டு அலுவலர்கள் கையெழுத்திட்டோம். அதன் பிறகே பழைய கணினியிலிருந்து தரவை எடுத்தார்கள். நள்ளிரவுக்கு மேல் புதிய திரை உயிர் பெற்றது. பெயர்கள் தெரிந்தன, கையெழுத்துகள் தெரிந்தன. இளைஞர்கள் கைதட்டினார்கள். மேலாளர் மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. "மூணு நம்பரையும் சொல்லுங்க" என்றார். சேமிப்புக் கணக்குகளின் எண்ணிக்கை ஒன்று கூடுதலாக இருந்தது. தேடினோம். ஒரு கணக்கு இருமுறை ஏறியிருந்தது. அதை நீக்கி, மூன்று எண்களும் ஒத்துப்போனபோது விடிகாலை மூன்றரை மணி. அதற்குப் பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

திரை வந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பதும், எண் ஒத்துப்போனால்தான் முடிந்தது என்று நினைப்பதும் முற்றிலும் வேறான இரண்டு பழக்கங்கள். இரண்டாவது பழக்கம் வங்கிக்கு இருந்தது. நம் வீடுகளுக்கும் அது வரவேண்டும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வங்கியில் காசாளர் மாறும்போது 'சார்ஜ் ஒப்படைப்பது' என்று ஒன்று உண்டு. பெட்டகச் சாவியைக் கொடுப்பதற்கு முன் பணத்தை எண்ணிக் காட்டவேண்டும். வாங்குகிறவரும் எண்ணிப் பார்க்கவேண்டும். அதன் பிறகு ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர் என்று இருவரும் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். எவ்வளவு நெருங்கிய நண்பர்களானாலும் இந்த முறை மாறாது. மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதும் சார்ஜ் மாற்றமே. பழைய மென்பொருள் ஒப்படைக்கிறது, புதிய மென்பொருள் பெற்றுக்கொள்கிறது. எண்ணிப் பார்க்க வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் குறை.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாததல்ல. செட்டிநாட்டு வணிகர்கள் ஐந்தொகை எடுத்துக் கணக்கை முடித்தார்கள். புதுக்கணக்கு போடும்போது பழைய ஏட்டின் இருப்பே புதிய ஏட்டின் தொடக்கமானது. பழைய ஏட்டையும் எரித்துவிடவில்லை, கட்டி உள்ளே வைத்தார்கள். முடித்தல், இருப்பைக் கொண்டுவருதல், பழையதைக் காத்தல் என்ற இந்த மூன்றும்தான் இன்றும் தேவை.

கணக்கு மென்பொருள் புதிய பதிப்புக்குப் போகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் கணக்கு கணினியில் ஒரு கோப்பாக இருக்கிறது. அந்தக் கோப்பின் உள்ளமைப்பு அந்தப் பதிப்புக்கு உரியது. புதிய பதிப்பு அதைத் திறந்ததும் தன் அமைப்புக்கு ஏற்ப மாற்றி எழுதும். மாற்றி எழுதியதைப் பெரும்பாலும் பழைய பதிப்பால் படிக்க முடியாது. ஒருவழிப் பாதை. உள்ளே போனபின் ஏதோ குறைகிறது என்று தெரிந்தால், திரும்பி வர உங்களிடம் பழைய கோப்பின் நகலும் பழைய மென்பொருளும் இருக்கவேண்டும். இரண்டும் இல்லாமல் போனவர்கள்தான் சற்று முன் கையை இறக்காமல் இருந்தவர்கள்.

வீட்டுக் கணக்கு மென்பொருளின் வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. மாதாந்தர பில்களோடு மனைவி படும் பாட்டைப் பார்த்த ஸ்காட் குக், டாம் புரூலுடன் சேர்ந்து 1983இல் இன்ட்யூட் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் செய்ததுதான் க்விக்கன். 1991இல் மைக்ரோசாஃப்ட் தன் 'மணி' மென்பொருளைக் கொண்டுவந்தது. 1994இல் ஏறத்தாழ 150 கோடி டாலருக்கு இன்ட்யூட்டையே வாங்கிவிடப் பார்த்தது. அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டதால் 1995 மே மாதம் பின்வாங்கியது. வீட்டுக்காரர்கள் எழுதும் மளிகைக் கணக்குக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. அதே மைக்ரோசாஃப்ட் 2009இல் மணி விற்பனையை நிறுத்தியது. 2011 தொடக்கத்தில் அதன் இணையச் சேவைகளும் நின்றன. ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2010இல் 'சன்செட்' என்ற பெயரில் ஓர் இலவசப் பதிப்பை வெளியிட்டார்கள். நிறுவனத்தின் சர்வரிடம் அனுமதி கேட்காமலே அது திறக்கும். பழைய கணக்கை வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய உதவி. 2007இல் வந்த மின்ட் என்ற இணையச் சேவையை இன்ட்யூட் 2009இல் வாங்கியது. 2024 மார்ச்சில் அதை மூடியது. அங்கே கணக்கு உங்கள் கணினியில் இல்லை, அவர்களிடம் இருந்தது. கதவு அடைபடும் முன் இறக்கிக்கொண்டவர்களுக்கே அது கையில் தங்கியது.

நம் பக்கம் டாலி தெரியாதவர்கள் குறைவு. 1986இல் கோயங்கா குடும்பத்தார் தொடங்கியது, பெங்களூரில் இயங்குகிறது. 2009இல் ஈஆர்பி 9 வந்தது, 2020இல் பிரைம் வந்தது. அதற்கும் முந்தைய 7.2 பதிப்பின் கணக்கை ஈஆர்பி 9க்குக் கொண்டுபோகத் தனியாக ஒரு மாற்றுக் கருவி தேவைப்பட்டது. வீட்டுக் கணக்குக்கு நான் பயன்படுத்துவதும் சொல்லிக்கொடுப்பதும் க்னூகேஷ். இலவசமாகக் கிடைக்கிறது. நாம் பழகிய பற்று வரவு இரட்டைப் பதிவு முறையில் இயங்குகிறது. அதில் மூன்றாம் பதிப்பு 2018இலும், நான்காம் பதிப்பு 2020இலும், ஐந்தாம் பதிப்பு 2023இலும் வந்தன.

இங்கே ஒருவர் கேட்கலாம்: பழைய கணக்கு போனால்தான் என்ன, இன்றைய இருப்பு வங்கியில் தெரிகிறதே? நியாயமான கேள்வி. 2009இல் ஒரு பங்கை 120 ரூபாய்க்கு வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பங்குச் சந்தையில் விற்ற பங்கின் நீண்டகால லாபத்துக்கு அப்போது வரி இல்லை. 2018 பட்ஜெட் அந்த வரியைக் கொண்டுவந்தது. அதுவரை ஏறியிருந்த மதிப்புக்கு வரி விழக்கூடாது என்று 31-1-2018ஐ எல்லைக்கோடாக வைத்தது. அன்றைய விலை 400 ரூபாய், இப்போது 700க்கு விற்கிறீர்கள் என்றால், அடக்க விலை 400 என்று எடுத்துக்கொள்ளலாம். லாபம் 300தான். நீங்கள் வாங்கிய விலை 450 என்றால் அதையே அடக்கமாகக் காட்டலாம், லாபம் 250 ஆகிவிடும். ஆனால் எப்போது வாங்கினீர்கள், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது தெரிந்தால்தான் இந்தக் கணக்கு. மென்பொருள் மாறியபோது பங்கின் எண்ணிக்கை மட்டும் வந்து, வாங்கிய தேதியும் விலையும் விழுந்துவிட்டால், 700 ரூபாயும் லாபம் போலத் தோன்றும். வீட்டை விற்கும்போது, மாடி கட்டிய செலவை அடக்கத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அந்தச் செலவின் கணக்கும் ரசீதும் வேண்டும்.

வரி மட்டும் இல்லை. பத்தாண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை, ரிசர்வ் வங்கியின் வைப்புதாரர் கல்வி விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். அப்படிப் போனதைத் தேட 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி 'உத்கம்' என்ற இணையதளத்தைத் திறந்தது. எந்த வங்கியில், யார் பெயரில் கணக்கு இருந்தது என்று தெரிந்தால் தேடுவது எளிது. அது தெரிந்த ஒரே இடம், பல வீடுகளில், இறந்துபோனவரின் கணக்குக் கோப்புதான்.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். வங்கி இரவில் நாங்கள் செய்த அதே வரிசை.

முதலில் தாள். புதிய மென்பொருளை இறக்கும் முன் பழையதைத் திறந்து இருப்புப் பட்டியலை அச்சிடுங்கள். ஒவ்வொரு வங்கிக் கணக்கு, கடன், வைப்பு, கையிருப்பு எல்லாவற்றின் இன்றைய இருப்பு. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் எத்தனை யூனிட், மொத்த அடக்கம் எவ்வளவு. மொத்தக் கணக்குகள் எத்தனை. இதோடு நிறுத்தாதீர்கள். கடந்த ஐந்து ஆண்டுகளின் மார்ச் 31ஆம் தேதி இருப்புகளையும் எடுங்கள். ஏன் மார்ச் 31 என்று பிறகு சொல்கிறேன். அச்சுப்பொறி இல்லையென்றால் நோட்டில் எழுதுங்கள். ஆனால் அது அந்தக் கணினிக்கு வெளியே இருக்கவேண்டும்.

இரண்டாவது, நகல். நம் ஊரில் கணக்கு தொலையும் பெரிய வழி மென்பொருளின் பிழை அல்ல. கணினி மெதுவாகிறது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோவோம். பையன் ஃபார்மட் போட்டுப் புதிதாக ஏற்றித் தருவான். "டி டிரைவுல இருந்தது அப்படியே இருக்குங்க" என்பான். உங்கள் கணக்கு சி டிரைவில் இருந்தது. அவன்மேல் குற்றமில்லை. கணக்கு எங்கே இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை, நமக்கும் தெரியாது. ஆகவே இன்றே உங்கள் மென்பொருளைத் திறந்து, கோப்பு எந்த இடத்தில் சேமிக்கப்படுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள்.

கோப்பு ஒன்றை மட்டும் நகலெடுத்தால் போதுமா? எல்லா மென்பொருளிலும் போதாது. க்னூகேஷில் நீங்கள் தயாரித்துச் சேமித்த அறிக்கைகள் கணக்குக் கோப்புக்குள் இருப்பதில்லை. வேறொரு கோப்புறையில் தனியாக இருக்கும். ரசீதுப் படங்களை இணைத்திருந்தால் அந்தப் படங்களும் வேறிடத்தில் இருக்கும். க்னூகேஷ் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய நிலையைத் தேதியும் நேரமும் போட்ட ஒரு நகலாகப் பக்கத்திலேயே வைக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால், புதிய பதிப்பை நிறுவியவர் தவறுதலாக மூன்று வாரத்துக்கு முந்தைய நகலைத் திறந்துவிட்டு, மூன்று வாரக் கணக்கு அழிந்துபோனதாகப் பதறுவார். கணக்கு அழியவில்லை, திறந்த கோப்புதான் தவறு. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தத் தேதியிட்ட நகல்கள் சாதாரணக் கோப்பாகச் சேமிப்பவர்களுக்குத்தான். தரவுத்தளமாகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒவ்வொரு பதிவும் அந்தக் கணமே எழுதப்பட்டுவிடும், முந்தைய நகல் தானாக இருக்காது. நீங்களே எடுக்கவேண்டும்.

நகல் எத்தனை வேண்டும் என்பதற்கு 3-2-1 என்று ஒரு நல்ல விதி உண்டு. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அக்கா வீட்டு பீரோவில் ஒரு பென் டிரைவ். இணையக் கிடங்கில் தானாக ஒத்திசைவதை மட்டும் நகல் என்று நம்பியிருக்காதீர்கள். இங்கே கோப்பு கெட்டால் கெட்டதே அங்கும் போய் அமரும். வெளியே கொடுக்கும் நகலுக்குக் கடவுச்சொல் போடுங்கள், அதை மறக்காமல் வேறிடத்தில் எழுதி வையுங்கள். டாலியில் 'வால்ட்' கடவுச்சொல் தொலைந்தால் அந்த நிறுவனத்தாராலும் திறந்து தரமுடியாது.

எடுத்த நகல் திறக்கிறதா என்று பார்க்காதவரை அது நகல் இல்லை, நம்பிக்கை மட்டுமே. இன்னொரு கணினியில் ஏற்றித் திறந்து, கையில் இருக்கும் தாளோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, மாற்றுவது. மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகலின் நகலில் செய்யுங்கள். பழைய மென்பொருளை நீக்காதீர்கள், அதன் நிறுவும் கோப்பையும் உரிம எண்ணையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் புதியதை வேறு கணினியில் நிறுவுங்கள்.

பல ஆண்டுகள் மேம்படுத்தாமல் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மிகப் பழைய பதிப்பிலிருந்து இன்றைய பதிப்புக்கு ஒரே தாவலாகத் தாவாதீர்கள். க்னூகேஷில் இரண்டாம் பதிப்பில் நின்றுபோன கோப்பு என்றால், மூன்றாம் பதிப்பின் கடைசி வெளியீட்டில் திறந்து சேமித்து, பிறகு நான்காம் பதிப்பின் கடைசி வெளியீட்டில் திறந்து சேமித்து, அதன்பின் ஐந்துக்கு வருவதுதான் பாதுகாப்பு. மிகப் பழைய க்விக்கன் கோப்புகளும் இடையில் ஒரு பதிப்பின் வழியாகத்தான் இன்றைய பதிப்புக்கு வரமுடியும். ஆற்றில் கல் விட்டுக் கல் மிதித்துக் கடப்பது போல. ஒவ்வொரு கல்லிலும் நின்று இருப்பைப் பாருங்கள். எங்கே வழுக்கியது என்று அப்போதுதான் தெரியும்.

நான்காவது, எண்ணிப் பார்ப்பது. இதில் நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு என் வீட்டுக் கணக்கை மாற்றினேன். எந்த நிறுவனத்துடையது என்பது இங்கே தேவையில்லை. இடையில் பயன்பட்டது க்யூஐஎஃப் என்ற பரிமாற்றக் கோப்பு. க்விக்கனுக்காக உருவாகி எல்லோரும் பயன்படுத்திய வடிவம். மாற்றி முடித்ததும் ஒவ்வொரு கணக்கின் இருப்பையும் பார்த்தேன். பைசா சுத்தமாக இருந்தது. முந்தைய டிசம்பர் 31ஐப் பார்த்தேன், ஒத்துப்போனது. அதற்கு முந்தைய டிசம்பரும் சரி. வங்கிக்காரன் நான், சரிபார்த்துவிட்டேன் என்று பழைய கோப்பை அழித்தேன்.

வருமான வரிக் கணக்குக்காக மார்ச் 31 இருப்பை எடுத்தபோதுதான் இடித்தது. எந்த ஆண்டின் மார்ச் 31ம் சரியாக இல்லை. இரண்டு நாள் உட்கார்ந்து காரணம் கண்டேன். க்யூஐஎஃப் கோப்பில் இருக்கும் தேதி, நாள் முதலா மாதம் முதலா என்று அந்தக் கோப்பு சொல்வதில்லை. நாம் நாளை முதலில் எழுதுகிறோம், அமெரிக்கர்கள் மாதத்தை. புதிய மென்பொருள் வரிக்கு வரி ஊகித்திருந்தது. 25ஆம் தேதி என்றால் 25ஆவது மாதம் இல்லாததால் சரியாக எடுத்துக்கொண்டது. பிப்ரவரி 5ஐ மட்டும் மே 2 என்று எடுத்தது. நாளும் மாதமும் இரண்டுமே 12க்குள் அடங்கி, ஒன்றுக்கொன்று வேறாக இருக்கும் தேதிகள் ஓராண்டில் 132. அந்த 132 நாட்களின் பதிவுகளும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. ஆனால் ஒன்றுகூட அந்த ஆண்டைவிட்டு வெளியே போகவில்லை. அதனால் டிசம்பர் 31 எப்போதும் சரியாக இருந்தது. பிப்ரவரியில் செலவானது மேயில் போய் உட்கார்ந்ததால் மார்ச் 31 மட்டும் காட்டிக்கொடுத்தது.

மார்ச் 31 இருப்புகளைத் தாளில் எழுதச் சொன்னதன் காரணம் இதுதான். கடைசி எண் சரியாக இருப்பது, உள்ளே எல்லாம் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. ஆண்டின் நடுவே ஒன்றிரண்டு மாத முடிவுகளையும் பாருங்கள். பழைய வங்கி பாஸ்புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து, வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இப்போதைய க்னூகேஷ் இதுபோன்ற சந்தேகம் வந்தால் எந்தத் தேதி முறை என்று உங்களிடம் கேட்கும். கேட்கும்போது நின்று படித்துப் பதில் சொல்லுங்கள்.

இன்னும் மூன்று இடங்களில் கணக்கு சிந்தும். சேமிப்புக் கணக்கிலிருந்து வைப்புக்குப் பணம் மாற்றியிருந்தால் அந்தப் பதிவு இரண்டு கணக்குகளிலும் இருக்கும். இரண்டையும் தனித்தனியே ஏற்றும்போது இருமுறை பதிவாகலாம், எங்கள் கிளையில் அந்த ஒரு கணக்கு இருமுறை ஏறியதைப் போல. பங்குகளில் போனஸ், பிரிப்பு, மறுமுதலீடு செய்த ஈவுத்தொகை ஆகியவை யூனிட்டாக மட்டும் வந்து அடக்க விலையைத் தொலைக்கலாம். மாதாமாதம் தானாக விழ ஏற்பாடு செய்திருந்த தவணைகள் புதிய மென்பொருளுக்கு வராமலே போகலாம். பழையது ஞாபகப்படுத்தும் என்று நம்பியிருந்த காப்பீட்டுத் தவணை, புதியதில் இல்லாததால் தவறிவிடும்.

கணக்கு சிந்தும் நான்காவது இடம் நம் மொழிக்கே உரியது. தொண்ணூறுகளில் தமிழில் குறிப்பு எழுதியவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் எழுதினோம். உள்ளே பதிவானது ஆங்கில எழுத்தின் குறியீடு, மேலே தமிழ் உருவம். தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்று தரம் வகுத்தது. 2010இல் யூனிகோடை ஏற்றது. அந்தக் காலக் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் எழுத்துரு இல்லாததால் 'அம்மா மருந்து' என்று எழுதியது பொருளற்ற கிறுக்கலாகத் தெரியும். தொகை இருக்கும், எதற்குக் கொடுத்தோம் என்பது போய்விடும். அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதாதீர்கள். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்தால், யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. குறிப்புகளை வெளியே எடுத்து மாற்றி மீட்டுக்கொள்ளலாம். என் தாயாரின் கடைசி இரண்டு ஆண்டு மருத்துவச் செலவை அப்படித்தான் மீட்டேன். எந்த மருத்துவமனை, எந்தத் தேதி, யார் ஆட்டோவில் அழைத்துப் போனார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வரிகளைத் திரும்பத் தமிழில் பார்த்தபோது, கணக்குப் புத்தகம் ஒரு குடும்பத்தின் நினைவு என்பது எனக்கு விளங்கியது.

ஐந்தாவது, இரண்டையும் சேர்த்து ஓட்டுவது. வங்கியில் புது முறைக்கு மாறும்போது சில காலம் பழையதையும் புதியதையும் இணையாக நடத்துவோம். வீட்டில் ஒரு மாதம் போதும். அன்றாடச் செலவை இரண்டிலும் எழுதுங்கள். மாதம் முடிந்ததும் வங்கி ஸ்டேட்மென்டோடு இரண்டையும் ஒப்பிடுங்கள். இரட்டை வேலை என்று சலிப்பு வரும். ஒரு மாதச் சலிப்பு, பதினோரு வருஷத்துக்குக் காப்பு.

ஆறாவது, எந்த மென்பொருளையும் நம்பாத ஒரு பிரதி. நிறுவனங்கள் மூடும், வடிவங்கள் மாறும். ஆனால் சாதாரண எழுத்தாகச் சேமித்த பட்டியல் என்றைக்கும் திறக்கும். ஒவ்வொரு மார்ச் முடிவிலும் உங்கள் எல்லாப் பதிவுகளையும் சிஎஸ்வி என்ற எளிய பட்டியல் கோப்பாக வெளியே எடுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் நான்கு இலக்க ஆண்டோடு எழுதும்படி அமைத்தால், நான் பட்ட குழப்பம் வராது. அதோடு ஐந்தொகையைத் தாளில் அச்சிட்டு வையுங்கள். புதிதாக ஒரு மென்பொருளையோ செயலியையோ தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு அழகாக வரைபடம் போடுகிறது என்று பார்க்காதீர்கள். என் கணக்கை முழுவதுமாக வெளியே எடுத்துத் தருவாயா என்று கேளுங்கள். தராது என்றால் அது எவ்வளவு இனித்தாலும் வேண்டாம். வெளியே வர வழியில்லாத வீட்டில் குடி போகக்கூடாது.

ஏற்கெனவே இழந்துவிட்டவர்கள் என்ன செய்வது? அந்தக் கணினியில் மேற்கொண்டு எதையும் பதியாதீர்கள். அழிந்த கோப்பு பல நேரம் அந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல் வேறொன்று எழுதப்படும்போதுதான் உண்மையில் போகிறது. புதிய திண்மநிலை வட்டுகளில் வாய்ப்பு குறைவு, பழைய ஹார்ட் டிஸ்கில் மீட்க இடம் உண்டு. அதுவும் இல்லையென்றால் மின்னஞ்சலில் தேடுங்கள். ஆடிட்டருக்கு எப்போதாவது கோப்பை அனுப்பியிருப்பீர்கள். முதலீடுகளுக்கு டெபாசிட்டரிகள் அனுப்பும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் இருக்கிறது, வங்கிக் கிளையில் பழைய ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கலாம். முழுவதும் திரும்பாது. ஆனால் எலும்புக்கூடு கிடைத்தால் சதையை நினைவிலிருந்து சேர்க்கலாம். முன்வரிசை அம்மா, உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் இன்னும் வீட்டில் இருக்கிறது என்று தலையசைத்தீர்கள். கூட்டம் முடிந்ததும் பேசுவோம். அதை எதிலும் மாட்டிப் பார்க்காமல் அப்படியே வைத்திருங்கள்.

முடிக்கும் முன் ஒன்று. எங்கள் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள். ஒன்று மேலாளரிடம், ஒன்று காசாளரிடம். ஒருவரால் மட்டும் திறக்க முடியாது, ஒருவர் வராவிட்டாலும் கிளை நின்றுவிடாதபடி மாற்று ஏற்பாடும் உண்டு. நம் வீட்டுக் கணக்குக்கு ஒரே சாவி, அது ஒருவர் தலைக்குள் இருக்கிறது. கோப்பு எங்கே, கடவுச்சொல் என்ன, நகல் யாரிடம் என்று இன்னொருவருக்குத் தெரியாத கணக்கு, எத்தனை நகல் எடுத்தாலும் பாதி தொலைந்த கணக்குதான். கணவரோ மனைவியோ மகளோ, ஒருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இருப்புப் பட்டியலை வாசிக்கட்டும். நீங்கள் திரையைப் பாருங்கள். எண் ஒத்துப்போனதும் தாளின் அடியில் ஒப்படைத்தவர் என்று நீங்கள் கையெழுத்திடுங்கள், பெற்றுக்கொண்டவர் என்று அவர் கையெழுத்திடட்டும். தேதி போடுங்கள். நாளை முதலில் எழுதி, மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

புதிய பதிப்பை அடுத்த வாரம் நிறுவலாம், அடுத்த மாதமும் நிறுவலாம். அந்தத் தாளை மட்டும் இன்றிரவே எழுதிவிடுங்கள். உங்கள் புதுக்கணக்கின் முதல் வரி அதுதான்.